நீதிபதி கேட்ட பட்டியல்

2012 ஏப்ரல், மே மாதத் தொழில்நுட்பச் செய்திகளைப் புரட்டினால் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: ஃபுளோரியன் முல்லர். ஆண்ட்ராய்டில் ஜாவாவைக் கையாண்டதற்காக கூகுள்மீது ஆரக்கிள் தொடுத்த வழக்கு சான் பிரான்சிஸ்கோவில் விசாரணையில் இருந்த நேரம். 'ஃபாஸ் பேட்டன்ட்ஸ்' தளத்தை நடத்திய முல்லர் ஜெர்மானியர், வழக்கறிஞர் அல்ல. ஆனால் நூறு பக்க மனுவையும் பிரித்து மேய்ந்து அன்றே எழுதிவிடுவார். கெடு நெருங்கும் நிருபருக்கு வேறென்ன வேண்டும்? செய்திகளில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'காப்புரிமை ஆய்வாளர்'.

அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வழக்குப் பதிவேட்டைத் திறந்தேன். ஆயிரத்தைத் தாண்டும் பதிவுகள். நீதிமன்றத்தின் பேசர் தளம் பக்கத்துக்கு 10 சென்ட் கேட்கும். நல்லவேளையாக, கோர்ட்லிஸனர் தளத்தில் பல ஆவணங்கள் இலவசம். ஜூரி கலைந்து, தீர்ப்பும் வந்து ஓய்ந்த பிறகு, ஆகஸ்ட் 7 தேதியிட்டு ஓர் உத்தரவு கிடக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களில் இப்படியொன்று அபூர்வம். இந்த வழக்கைப் பற்றி எழுதிய, பேசிய யாருக்கெல்லாம் பணம் கொடுத்தீர்கள் என்று இரு தரப்பையும் கேட்கிறார் நீதிபதி வில்லியம் அல்சப்.

ஆகஸ்ட் 17 அன்று பதில்கள் வந்தன. முல்லரை ஆலோசகராக வைத்திருப்பதாக ஆரக்கிள் ஒப்புக்கொண்டது. கருத்துச் சொல்வதற்காக யாருக்கும் பணம் தரவில்லை என்றது கூகுள். நீதிபதி விடவில்லை. 20ஆம் தேதி மறு உத்தரவு: ஆலோசனைக்கென்று கொடுத்த பணமும் எழுதுகிறவரின் கையைத் திருப்பலாம், திரும்பப் போய்ப் பட்டியலோடு வாருங்கள். இரண்டாம் முறை கூகுள் தந்த பட்டியலில் எட் பிளாக் இருந்தார். கூகுள் உறுப்பினராக இருந்த கணினித் துறைச் சங்கத்தின் அப்போதைய தலைவர். மென்பொருள் இடைமுகப் பதிப்புரிமை பற்றிப் புத்தகமே எழுதிய ஜொனாதன் பேண்டும் இருந்தார். ஆலோசனைக் கட்டணம், சங்கச் சந்தா, ஊழியர் சம்பளம் என்று பணம் போகும் வாசல்கள் பல. "எழுதுவதற்காகக் கொடுக்கவில்லை" என்ற வாக்கியம் எல்லா வாசலுக்கும் பொருந்திவிடும். அதனால்தான் அதை நான் நம்புவதில்லை.

முல்லர் ஒளித்தாரா? இல்லை. விசாரணை தொடங்கி இரண்டு நாளில், ஏப்ரல் 18 அன்று, ஆரக்கிள் தன் வாடிக்கையாளர் ஆகிவிட்டதைத் தன் தளத்திலேயே எழுதிவிட்டார். மைக்ரோசாஃப்டுக்கு வேலை செய்ததையும் முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய மேற்கோளை எடுத்துச் சென்ற செய்திகள் எல்லாமே அந்த ஒரு வரியையும் கூடவே எடுத்துச் செல்லவில்லை.

இன்னும் பின்னால் போனால் கதை சிக்கலாகிறது. 2011 ஜனவரியில் ஆண்ட்ராய்டில் 43 கோப்புகள் ஜாவாவிலிருந்து வந்தவை என்று முல்லர் எழுத, செய்தி தீயாய்ப் பரவியது. ஸீடிநெட் தளத்தின் எட் பர்னெட் கோப்புகளைத் திறந்து பார்த்தார்: சில வெறும் சோதனைக் கோப்புகள், கைபேசிக்குள் போகாதவை. ஆரக்கிள் பணத்துக்காக ஊதிப் பெருக்கினார் என்று முடிச்சுப்போடத் தோன்றும். தேதி இடம் கொடுக்கவில்லை. 2012 ஏப்ரல் அறிவிப்பில் ஆரக்கிளைப் புதிய வாடிக்கையாளர் என்றுதான் சொல்கிறார். 2009இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கக் கூடாது என்று மல்லுக்கட்டியவரும் இவரே. 43 கோப்பு விஷயத்தில் என் குற்றச்சாட்டு முல்லரைவிட, கோப்பைத் திறக்காமலே செய்தி போட்டவர்கள்மீதுதான்.

செப்டம்பர் தொடக்கத்தில் அல்சப் விஷயத்தை மூடிவிட்டார். மேல்நடவடிக்கை இல்லை, எந்த வர்ணனையும் தம் முடிவுகளைப் பாதிக்கவில்லை என்று பதிவு செய்தார், உத்தரவுகளில் பெயர் சொல்லி மேற்கோள் காட்டியவை மட்டும் விலக்கு. வழக்கோ மேல்முறையீடுகளில் இழுபட்டு, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 2 என்று கூகுளுக்குச் சாதகமாக முடிந்தது.