மலையகத் திருமணப் புகைப்படங்களும் இயல்பான கணங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன எழுத்துச் சான்றுகளேயாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை, அத்தகைய சான்றுகளுட் பெரும்பாலானவை அவர்களால் எழுதப்பட்டவையல்ல. செக்ரோல் ஏடுகளும் துரைமாரின் கடிதங்களும் அரசாங்க அறிக்கைகளும் வேலைநாட்களின் தொகையையும் கொழுந்தின் இறாத்தலையும் கூறும். மகள் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டபொழுது தாய் எவ்வாறு நின்றாள் என்பதை அவை கூறா. இக்குறையை ஓரளவுக்கு ஈடுசெய்வன நாட்டார் பாடல்களும், லயத்து அறைகளின் சுவர்களிற் சட்டமிட்டுத் தொங்கவிடப்பட்ட திருமணப் புகைப்படங்களுமாகும். பாடல்கள் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ள அளவுக்குப் படங்கள் பெறவில்லை. பழைய திருமணப் படங்களைப் பார்க்கும் இன்றைய இளைஞர், “ஏன் எவருமே சிரிக்கவில்லை?” என வினவுவர். எளிமையாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடைகாண முற்படுமிடத்து, மலையக மக்களின் வரலாற்றின் ஒரு முக்கிய பகுதியையே நாம் தொட வேண்டியுள்ளது.

புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839 ஆம் ஆண்டிலாகும். இலங்கை மலைநாட்டிற் கோப்பிச் செய்கை விரிவடைந்துகொண்டிருந்த காலமும் அதுவே. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதும், 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்ததும் யாவரும் அறிந்தனவே. தோட்டங்கள் பரவியபொழுது கமராவும் உடன் பரவிற்று. ஸ்கீன், ஸ்கோவன் முதலிய ஐரோப்பியரின் நிறுவனங்களும், 1890 இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனமும் தேயிலை மலைகளையும் கொழுந்து பறிக்கும் பெண்களையும் படமாக்கிப் பிரயாணிகளுக்கு விற்றன. இப்படங்களிற் கூடையுண்டு, மூக்குத்தியுண்டு, மலைச்சரிவுண்டு. பெயர் மட்டும் இல்லை. ‘தமிழ்க் கொழுந்து பறிப்பவள்’ என்பதே அவற்றின் கீழ் எழுதப்பட்ட அடையாளமாகும். படமெடுத்தவர் ஒரு வகையினரைப் படமெடுத்தாரேயன்றி ஒரு மனிதரைப் படமெடுத்தார் அல்லர்.

இக்காலப் பகுதியில் வேறொரு வகையான கண்ணும் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1815 இற் கல்கத்தாவிற் பிறந்தவரும், நாற்பத்தெட்டாவது வயதிலேயே கமராவைக் கையில் எடுத்தவருமான ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார், 1875 ஆம் ஆண்டு கணவருடன் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர், கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவினால் எமது வரலாற்றில் இடம்பெற்றுள்ள சார்ள்ஸ் ஹே கமரன் ஆவார். அம்மையார் 1879 சனவரியில் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். முகத்தின் உணர்ச்சியைத் தேடியவர் என உலகம் போற்றும் ஒரு கலைஞர், தேயிலை மலைகளுக்கிடையே துயில்கிறார் என்பது மலையகத்தாருள்ளும் பலர் அறியாத செய்தியாகும்.

கமரன் அம்மையார் கையாண்டது ஈரத்தகட்டு முறையாகும். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது உலருமுன் படமெடுத்துக் கழுவிவிடல் வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருத்தலும் வேண்டும். சிறு அசைவினால் முகம் மங்கினால் ஏனையோர் அத்தகட்டை எறிந்துவிடுவர். அம்மையாரோ அம்மங்கலையே உயிரின் அடையாளமாக ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவருங்கூட ஒரு முரண்பாட்டிலிருந்து தப்பினாரல்லர். ஓவியரான மரியான் நோர்த் அம்மையார் 1877 இற் களுத்துறையில் அவரைச் சந்தித்தபொழுது, கம்பளித் துணியாற் போர்த்தி, கூந்தலை அவிழ்த்து, முட்போன்ற தென்னங் கீற்றுகளுக்கிடையே நிறுத்தி, தொண்ணூற்றாறு பாகை பரனைற்று வெப்பத்தில் முற்றிலும் இயல்பாக இருக்கும்படி கூறப்பட்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார். இயல்பைக் கட்டளையாற் பெறமுடியுமா என்ற வினா, இவ்வாறு இலங்கைப் புகைப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றிலும் உள்ளூர் மக்கள் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர்.

மேலைநாடுகளில் 1925 இல் லைக்கா என்னும் சிறிய கமரா விற்பனைக்கு வந்தபின், எதிர்பாராத கணத்தைப் பிடிக்கும் கலை வளர்ந்தது. ஹென்றி கார்ட்டியே பிரெசோன் 1952 இல் வெளியிட்ட நூல் அக்கலைக்கு ஓர் இலக்கணமே வகுத்தது எனலாம். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் ஸ்ரூடியோக்களை நாடிய தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. அங்கு கலைக் கொள்கையிலும் பார்க்கச் சுருளின் கணக்கே வலிமை வாய்ந்தது. சதுரப் படம் எடுக்கும் கமராவின் ஒரு சுருளிற் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். லயத்து அறைகளோ ஒளி குறைந்தவை. மலைநாட்டின் மழையும் பனிமூட்டமும் வெளியொளியையும் அடிக்கடி மறைத்துவிடும். ஒருமுறை எரிந்தபின் எறிந்துவிட வேண்டிய மின்வெட்டுக் குமிழ்கள் அக்காலத்திற் செலவு மிக்கவை. நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு ஒவ்வொரு படமும் ஒரு செலவு. எனவே தாலி கட்டுதல், மாலை மாற்றுதல், தாய்மாமன் முறை, இரு வீட்டார் கூடி நிற்றல் என எடுக்கவேண்டிய படங்கள் முன்னரே எண்ணி வகுக்கப்பட்டன. பன்னிரண்டு படங்களுள் கண்ணீருக்கோ கேலிச் சிரிப்புக்கோ இடம் ஒதுக்குதல் இயலாததாயிற்று. பலர் படமெடுப்பவரைத் தோட்டத்திற்கு அழைக்கவும் வசதியின்றி, மணக்கோலத்துடனேயே நகரத்து ஸ்ரூடியோவுக்குச் சென்று, தீட்டப்பட்ட திரையின் முன்னே ஒரு படத்துக்கு மட்டும் நின்று திரும்பினர்.

எனினும், சிரிப்பின்மைக்குத் தொழில்நுட்பமும் செலவும் மட்டுமே காரணங்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பெரட்டுக் களத்திலே பெயர் கூப்பிடப்படுவதற்காக விடியலில் நின்ற மக்கள், தாமே விரும்பித் தம் பணத்தைக் கொடுத்து ஒருவர்முன் நின்ற தருணம் அதுவாகும். துரைமாரும் பிரயாணிகளும் வாங்கிய படங்களிற் கொழுந்துக் கூடையின்றி அப்பெண்களைக் காண்டல் அரிது. திருமணப் படத்திலோ கூடை இல்லை. கவ்வாத்துக் கத்தி இல்லை. பட்டுச் சேலையும் மாலையும், சில வேளைகளில் இரவலாகப் பெற்ற கோட்டும் கைக்கடிகாரமும் உள்ளன. யார் நாற்காலியில் அமர்வது, யார் பின்னே நிற்பது என்பதைக் கணக்கப்பிள்ளையோ கங்காணியோ தீர்மானிக்கவில்லை; உறவுமுறையே தீர்மானித்தது. ஆகவே அம்முகங்களிற் காணப்படும் இறுக்கத்தை உணர்ச்சியின்மை எனக் கருதுவது தவறாகும். தம்மை மதிப்புடன் நினைவிற் கொள்ளுமாறு பின்வருவோரை வேண்டிநின்ற கௌரவமே அது.

அவ்விறுக்கத்தினுள்ளும் இயல்பான கணம் முற்றாக மறைந்துவிடவில்லை. பழைய குழுப்படங்களைப் பொறுமையுடன் நோக்குவோர் இதனை உணர்வர். எல்லாரும் கமராவைப் பார்த்திருக்க ஒரு தாய் மட்டும் மகளைப் பார்த்திருப்பாள். முன்வரிசைச் சிறுவன் தலையைத் திருப்பியதால் அவன் முகம் கலைந்திருக்கும். மணமகளின் விரல்கள் தங்கையின் கையை இறுகப் பற்றியிருக்கும். படமெடுத்தவர் கருதாமலே பதிந்த இச்சிறு பிழைகள், அவர் கருதிப் பதிந்தவற்றிலும் பார்க்க அதிகம் பேசுகின்றன. முகங்களை எண்ணுவதோடு நில்லாது கைகளையும் பார்வைகளையும் படிக்கப் பழகுவோர்க்கே அப்பேச்சு விளங்கும்.

இப்படங்களின் பெறுமதியை உயர்த்தியது அரசியலாகும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கெனவும் 3,00,000 பேர் இலங்கைக்கெனவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கையாற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். மக்கள் தொகையைப் பங்கிட்ட இவ்வொப்பந்தங்கள் உறவுகளையும் பங்கிட்டன. கடவுச்சீட்டுக்கெனப் படமெடுக்க மக்கள் ஸ்ரூடியோக்களை நாடினர். அப்படத்திலும் சிரிப்புக்கு இடமில்லை. அங்கே முகம் ஓர் அத்தாட்சி மட்டுமே. அதேவேளை தலைமன்னாரிற் கப்பலேறியோரின் பெட்டிகளிற் கடவுச்சீட்டோடு திருமணப் படங்களும் சென்றன. நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியோருக்கும், டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் தங்கிவிட்டோருக்கும் இடையே, திருமணத்துக்கு வர இயலாத உடன்பிறந்தாருக்குக் கடிதத்துடன் அனுப்பப்பட்ட படமே அழைப்பும் வருகையுமாயிற்று. அதிலே தாயின் பார்வை எங்கே நிலைத்திருந்தது என்பதைக் கடலுக்கப்பால் இருந்தவர் தேடிப் பார்த்திருப்பர் என்பதை ஊகித்தல் கடினமன்று.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையக மக்களை வீடுகளினின்றும் விரட்டின. எரிந்த வீடுகளோடு எரிந்த படங்களுக்கு எவரும் இழப்பீடு கணக்கிட்டதில்லை. லயங்களில் ஏற்படும் தீ விபத்துகளும் மண்சரிவுகளும் இவ்வழிவைத் தொடர்ந்து வந்துள்ளன. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்மேடு சரிந்து லயங்களை மூடியபொழுது, உயிர்களுடன் குடும்பங்களின் நினைவுச் சின்னங்களும் புதையுண்டன.

வண்ணச் சுருளும் முப்பத்தாறு படங்கள் கொண்ட சிறு கமராவும் மின்னணு மின்வெட்டு விளக்கும் பரவியபொழுது கணக்கு தளர்ந்தது. பந்தலுக்குள் நடந்து திரிந்து படமெடுக்க வழி பிறந்தது. பின்னர் வந்த வீடியோ, தப்பின் ஒலியையும் உறவினரின் பரிகாசத்தையும் சேர்த்துப் பதிந்தது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய டிஜிட்டல் கமரா சுருளையே ஒழித்தது. பன்னிரண்டு படங்கள் என்ற எல்லை மறைந்து, ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படலாயின. இவற்றினும் முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் படமெடுப்போராயினர். கமராவின் முன்னே பெயரின்றி நிறுத்தப்பட்ட சமுதாயம் கமராவின் பின்னேயும் வந்து நின்றது.

ஆயினும் இவ்வளர்ச்சியில் ஓர் இடரும் இல்லாமலில்லை. இயல்பான கணத்துக்குச் சந்தை மதிப்பு ஏற்பட்டதும், அதுவே புதியதொரு பாவனையாகத் தொடங்கிற்று. தேயிலைச் செடிகளிடையே மணமக்களை ஓடச்செய்து, “இயல்பாகச் சிரியுங்கள்” எனப் பணிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. களுத்துறையிற் கமரன் அம்மையார் இட்ட கட்டளைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. நகரத்து மணமக்கள் நுவரெலியாவுக்கு வந்து படமெடுக்குமிடத்து, கொழுந்து பறிக்கும் பெண் மீண்டும் பின்னணிக் காட்சியாவதும் உண்டு. கட்டளையாற் பிறக்கும் சிரிப்பிலும் பார்க்க, அக்காலத்து இறுக்கமான முகமே உண்மையுடையது எனலாம்.

அவ்வாறாயின் உள்ளத்திலிருந்து எழும் கணத்தைப் படமாக்கும் வழி யாது? அது முதலிற் பண்பாட்டறிவிலே தங்கியுள்ளது. சடங்கின் போக்கை அறிந்தவரே, எந்தக் கணத்தில் எந்த முகத்தை நோக்கவேண்டும் என்பதை அறிவார். தாலி கட்டும்பொழுது எல்லாக் கமராக்களும் மணமகனின் கைகளை நோக்கும். அப்பொழுதே மணப்பெண்ணின் தந்தை முகத்தைத் துண்டாற் துடைத்துக்கொள்வார். பெண் வீட்டாரிடம் விடைபெறும்பொழுது அழுகை முதலில் எழுவது பல வேளைகளிற் பாட்டியிடமிருந்தாகும். காணிக்கையாகச் சிறு தொகையை மடித்து நீட்டும் சக தொழிலாளியின் கூச்சமும் மொய் ஏட்டில் எழுதப்படாத செய்தியே. இவற்றைப் பிடிக்க விரைவான கமரா மட்டும் போதாது. அவ்வீட்டாரின் நம்பிக்கையும், சில கண்ணீரைப் படமாக்காது விட்டுவிடும் நாகரிகமும் வேண்டும்.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அப்பணியை மேற்கொண்டிராவிடின், அவற்றுட் பல வாய்களோடு மறைந்திருக்கும். திருமணப் படங்களுக்கும் அத்தகைய தொகுப்புப் பணி இன்று இன்றியமையாததாகும். லயத்துச் சுவர்களின் ஈரத்தாற் பழைய படங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மங்கிவருகின்றன. புதிய படங்களோ கைத்தொலைபேசிகளோடு தொலைகின்றன. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் வீடு திரும்பும்பொழுது, தம் குடும்பத்தின் படங்களைப் பிரதியெடுத்து, முதியோரைக் கேட்டு, படத்திலுள்ளோரின் பெயரையும் முறையையும் தோட்டத்தையும் டிவிசனையும் ஆண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மலைநாட்டிற்கு வந்த கமரா எழுதத் தவறியவை அப்பெயர்களே. அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டறிய நமக்குள்ள காலமோ மிகக் குறைவு.