விலைச்சீட்டோடு பிறந்த துணி

மேல் மூலையில் மலைகள். அங்கிருந்து ஆட்கள் வரிசையாக இறங்குகிறார்கள். முதுகில் கூடை, இடுப்பில் பிள்ளை, பின்னால் ஒரு குதிரை. துணியின் நடுவில் ஒரு கிராமம்: கூரைவீடு, உரல், சோளக்கொல்லை, பன்றிகள். சற்றுத் தள்ளிப் பச்சைச் சீருடைக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேல் விமானம், விமானத்துக்குக் கீழே உதிரும் குண்டுகள். அப்புறம் குறுக்கே நீலமாக ஓர் ஆறு. மூங்கில் கட்டுகளையும் காற்றடைத்த டியூப்களையும் பற்றிக்கொண்டு மனிதர்கள் நீந்துகிறார்கள்; சிலருக்குத் தலை மட்டும்தான் தெரிகிறது. அக்கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரி பெயர் எழுதிக்கொள்கிறார். அவரைத் தாண்டினால் பேருந்து, கடைசி மூலையில் இன்னொரு விமானம். இது குண்டு போடுகிற விமானம் அல்ல, ஆளை ஏற்றிக்கொண்டு போகிற விமானம்.

அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் ஹ்மொங் கதைத்துணிகளில் பெரியவை பலவும் இப்படித்தான் இருக்கும். தைத்த கை வேறு வேறு. சீனா, லாவோஸ், மேகோங் ஆறு, தாய்லாந்து, அமெரிக்கா என்ற வழி மட்டும் மாறாது. இவற்றை விற்றவர்கள் 'பழங்குடிகளின் தொன்மையான கலை' என்று சொல்லி விற்றார்கள். தொன்மை எல்லாம் இல்லை. கதைத்துணிக்கு வயது அரை நூற்றாண்டுதான். பிறந்த இடம் மலைக்கிராமமும் அல்ல, தாய்லாந்தின் அகதி முகாம். பிறந்ததே விற்பனைக்காக.

அதன் தாய்த்துணிக்கு மட்டும் வயது அதிகம். ஹ்மொங் பெண்கள் அதைப் பாண்டாவ் என்பார்கள், பூத்துணி. தென்சீனத்தின் குய்சோ, யுன்னான் மலைகளில் தொடங்கி லாவோஸ், வியட்நாம் வரை அவர்கள் கூடவே நடந்து வந்த துணி அது. மூலப்பொருள் சணல். நம்மூர் கோணிச் சணல் அல்ல. கஞ்சாச் செடியின் நார் தரும் வகை. தண்டின் பட்டையை உரித்து, நாராகக் கிழித்து, ஒரு நாரின் நுனியை இன்னொன்றோடு முறுக்கி இணைத்துக்கொண்டே போக வேண்டும். இந்த வேலைக்கென்று யாரும் உட்காருவதில்லை. கொல்லைக்குப் போகும்போதும் வரும்போதும் இடுப்பில் நார்க்கட்டைச் சுற்றிக்கொண்டு, நடந்தபடியே விரல்கள் இணைத்துக்கொண்டிருக்கும். நூலைச் சாம்பல் நீரில் வேகவைத்து வெளுத்து, தறியில் நெய்து, அதன்மேல் உருக்கிய தேன்மெழுகால் கோலம் எழுதுவார்கள். மூங்கில் பிடியில் செருகிய சின்னச் செம்புத் தகடுதான் பேனா. பிறகு அவுரி போன்ற நீலச்செடியின் சாயத்தொட்டியில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, வேண்டிய கருநீலம் வரும்வரை இதையே செய்து, கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கரைத்தெடுத்தால் கருநீலத்தில் வெள்ளைக்கோடுகள் நிற்கும். பல மீட்டர் நீளத் துணியை நூற்றுக்கணக்கான மடிப்புகளாக மடித்தால் ஒரு பாவாடை. அந்தப் பாவாடைதான் நீல ஹ்மொங் என்று அழைக்கப்படும் பிரிவினரின் அடையாளம்.

வெள்ளை ஹ்மொங் பிரிவினரின் கைவேலை வேறு விதம். இரண்டு நிறத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். மேல்துணியை நாலாக, எட்டாக மடித்துக் கத்தரிக்கோலால் சின்னச்சின்ன வெட்டுகள் போடுவார்கள். வெட்டின் விளிம்பை ஊசிமுனையால் உள்ளே தள்ளித் தள்ளி, தையல் கண்ணில் படாதபடி தைக்க, அடித்துணியின் நிறம் நூலகலக் கோடாக வெளியே வரும். அளவுகோல் இல்லை, கீழே வரைந்த படமும் இல்லை, மடிப்புதான் கணக்கு. நத்தைச்சுருள், யானைக்கால், ஆட்டுக்கொம்பு, சிலந்திவலை என்று வடிவங்களுக்குப் பெயர் உண்டே தவிர, இந்தத் துணிகளில் ஆளோ வீடோ கிடையாது. எந்தக் கதையையும் அது சொல்லவில்லை. அதற்கு வேறு வேலைகள் இருந்தன. பிள்ளையை முதுகில் கட்டும் துணியில் இந்த வேலைப்பாடு இருந்தால் கெட்ட ஆவிகள் அண்டாது. தலையில் பூக்குல்லாய் இருந்தால் ஆவி குழந்தையைப் பூவென்று நினைத்து விட்டுவிடும். புத்தாண்டுக்குப் புதுத்துணி தைத்தாக வேண்டும். மகளின் ஊசிவேலையைப் பார்த்துத்தான் ஊர் அவள் கெட்டிக்காரியா இல்லையா என்று தீர்மானிக்கும்.

சாவுக்கும் அது வேண்டும். இறந்தவர் தாம் வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றையும் பின்னோக்கிக் கடந்து பிறந்த இடத்துக்குப் போய், அங்கே மண்ணில் புதைத்திருக்கும் தம் நஞ்சுக்கொடியை எடுத்து அணிந்துகொண்ட பிறகே முன்னோரைச் சேர முடியும் என்பது ஹ்மொங் நம்பிக்கை. நஞ்சுக்கொடிதான் மனிதனின் முதல் சட்டை. ஆண்பிள்ளையினுடையதை வீட்டின் நடுத்தூணுக்கு அடியிலும், பெண்பிள்ளையினுடையதைப் பெற்றோர் படுக்கைக்கு அடியிலும் புதைத்தார்கள். வழியில் கம்பளிப்பூச்சி மண்டிய மலை ஒன்று உண்டு. அதை மிதித்துக் கடக்கச் சணல் செருப்பு வேண்டும். கேங் என்னும் மூங்கில் குழல்வாத்தியம் ஊர் ஊராகப் பெயர் சொல்லி வழிகாட்டும். இறந்தவர் உடலின்மேல் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்பதால் சாவுடுப்பில் பொத்தானும் ஜிப்பும் கிடையாது. இந்த வகைத் துணிகளை விற்கலாம் என்று மலையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

தோன்ற வைத்தது போர். 1961இல் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ, வாங் பாவ் என்ற ஹ்மொங் தளபதியைப் பிடித்து, லாவோஸ் மலைகளில் ஒரு ரகசியப் படையைக் கட்டியது. லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962இல் ஜெனீவாவில் கையெழுத்திட்டிருந்தபடியால் அமெரிக்கா அங்கே வெளிப்படையாகப் போரிட முடியாது; ஆகவே ஹ்மொங் ஆண்கள் போரிட்டார்கள், பிற்பாடு பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களும். 1964 முதல் 1973 வரை லாவோஸ்மீது விழுந்த குண்டுகளின் எடை இருபது லட்சம் டன்னுக்கு மேல். 1975 மே 14 அன்று லாங் தியெங் விமானதளத்திலிருந்து வாங் பாவ் ஏற்றிச்செல்லப்பட்டார். அவரோடு போனவர்கள் சில ஆயிரம் பேர். ஓடுதளத்தில் விமானத்துக்குக் காத்து நின்றவர்கள் அதைவிடப் பன்மடங்கு. விடுபட்டவர்கள் நடந்தார்கள். காட்டுவழியாக மேகோங் கரைக்கு வந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. மலைக்காரர்களுக்குப் பெரிய ஆறு பழக்கமில்லை.

தாய்லாந்தின் லோய் மாகாணத்தில் பான் வினாய் முகாம் அந்த 1975லேயே திறந்தது. 1980களின் நடுவில் அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சணல் விதைக்க நிலமில்லை, சாயத்தொட்டிக்கு இடமில்லை, அனுமதியில்லாமல் வெளியே போகவும் முடியாது. பெண்கள் கையில் ஊசி இருந்தது, பொழுதும் இருந்தது. தொண்டு நிறுவனக்காரர்களும் மிஷனரிகளும் பூத்துணிகளை வாங்கி அனுப்பத் தொடங்கினார்கள். சந்தை உண்டு என்று தெரிந்ததும் துணி மாறத் தொடங்கியது. பளீரென்ற இளஞ்சிவப்பும் பச்சையும் வெளிநாட்டு வரவேற்பறைக்குப் பொருந்தவில்லை என்றார்கள். சாம்பல்நீலம், பழுப்பு, சந்தன நிறம் வந்தன. சணல் இருந்த இடத்துக்குக் கடைத்துணி வந்தது. பாவாடைக்கும் கழுத்துப்பட்டைக்கும் உரிய வடிவங்கள் மேசைவிரிப்பாகவும் தலையணை உறையாகவும் அளவு மாறின.

அந்தச் சந்தைக்காகத்தான், 1976–77 வாக்கில், துணியில் மனிதர்கள் தோன்றினார்கள். முதலில் தைத்தது யார் என்று ஒற்றைப் பெயரைச் சொல்ல முடியாது. முகாமுக்குள் பள்ளிக்கூடம் இருந்தது, படம்போட்ட பாடப்புத்தகங்கள் இருந்தன, பென்சிலும் தாளும் புழங்கின. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் துணியில் உருவங்களை வரைந்து கொடுக்க, பெண்கள் நூலால் நிரப்பினார்கள். ஊசிவேலையில் ஆண்கள் நுழைந்தது இதுவே முதல்முறையாக இருக்கலாம். உழ நிலமும் வேட்டைக்குக் காடும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தைக்கவும் செய்தார்கள். ஓரத்தில் மட்டும் பழைய வேலை தப்பிப் பிழைத்தது. படத்தைச் சுற்றி வரிசையாக முக்கோணங்கள், காவல்வேலி மாதிரி.

எழுத்தில்லாத மக்கள் துணியில் வரலாறு எழுதினார்கள் என்று கதைத்துணியைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் வரிசை தலைகீழ். ஹ்மொங் மொழிக்கு ரோமன் எழுத்துமுறையை லாவோஸில் 1951–53இல் இவ் பெர்த்ரே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும், பார்னி, ஸ்மாலி என்ற இரண்டு அமெரிக்க மிஷனரிகளும் அமைத்தாயிற்று. 1959இல் ஷோங் லூ யாங் என்ற, எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி, வானத்திலிருந்து தமக்கு அருளப்பட்டதாகச் சொல்லி பஹாவ் என்ற தனி எழுத்தையே உருவாக்கினார். அந்த எழுத்துக்குப் பின்னால் ஆள் சேர்ந்ததைக் கண்டு பயந்தவர்கள் 1971இல் அவரைக் கொன்றார்கள். கதைத்துணி இதற்கெல்லாம் பிந்தியது. எழுத்துக்கு மாற்றாக அது வரவில்லை. பென்சில் பிடித்த கையும் படம் பார்த்த கண்ணும் அதைச் சாத்தியமாக்கின. சீனாவில் ஆட்சியாளர்கள் எழுத்தைத் தடைசெய்தபோது பெண்கள் அதைப் பாவாடையில் ஒளித்துத் தைத்தார்கள், அதுதான் இந்த வடிவங்கள் என்று ஹ்மொங் மக்களிடையே ஒரு கதை உண்டு. அது அழகான கதை. அதைக் கதைத்துணியின் ஜாதகமாக்கியது வியாபாரிகள் வேலை.

நடந்தது அதைவிடச் சுவாரசியமானது என்பது என் எண்ணம். ஒரு சமூகம் தனக்குள் தைத்துக்கொண்டபோது நத்தையும் ஆட்டுக்கொம்பும் போதுமாயிருந்தது. ஆற்றில் மூழ்கியவர்களை அவர்களுக்கு யாரும் வரைந்துகாட்ட வேண்டியதில்லை. வாங்குகிறவர் அந்நியர் என்றான பிறகுதான் சொல்லவேண்டிய அவசியம் வந்தது. சில துணிகளில் ஆங்கில வாக்கியங்களும் இருக்கும், எழுத்து முன்னே பின்னே மாறி, ஒன்றிரண்டு விட்டுப்போய். தைத்தவருக்கு அது வாக்கியம் அல்ல, இன்னொரு கோலம். வாங்கியவர்கள் அந்தப் பிழைகளை ரசித்தார்கள். அந்த ரசனை எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது. தைத்தவர் பெயரோ பெரும்பாலான துணிகளில் இல்லை.

முகாமில் தைத்த துணி தபாலில் அமெரிக்காவுக்குப் போகும். அங்கே முன்பே குடியேறிவிட்ட சித்தியோ நாத்தனாரோ அதைத் தேவாலயக் கண்காட்சியிலும் சந்தையிலும் விரித்து விற்று, பணத்தைத் திருப்பி அனுப்புவார். அந்தப் பணத்தில் முகாமில் அரிசியோடு கறியும் மருந்தும் வாங்கினார்கள். இப்படித்தான் மின்னசோட்டா, விஸ்கான்சின் வீட்டுச் சுவர்களுக்கு ரகசியப் போர் வந்து சேர்ந்தது, வாங்கியவர்கள் பலருக்கு அது என்ன போர் என்றே தெரியாமல். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் லாவோஸ் போர்வீரர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க 1997 மே மாதம் ஆயிற்று. அதற்கு ஓராண்டு முன்பே, தந்தையைப் போரில் தொலைத்துவிட்டுப் பதினைந்து வயதில் அமெரிக்கா வந்த டியா சா, உறவினர் ஒரு தம்பதி தாய்லாந்தின் சியாங் காம் முகாமில் தைத்த துணியை வைத்து ஒரு சிறுவர் புத்தகம் வெளியிட்டுவிட்டார்.

பென்சில்வேனியாவில் இன்னொரு கூத்து நடந்தது. லங்காஸ்டர் மாவட்டம், காரும் மின்சாரமும் வேண்டாமென்று வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் ஊர். அவர்களுடைய ஒட்டுத்துணி மெத்தைவிரிப்புகளுக்குச் சுற்றுலாப் பயணிகளிடம் நல்ல கிராக்கி. அங்கே குடியேறிய ஹ்மொங் பெண்கள் துணிமேல் துணி வைத்துத் தைப்பதைப் பார்த்த கடைக்காரர்களுக்குக் கண் விரிந்தது. 1980களில் 'ஆமிஷ் விரிப்பு' என்று விற்றவற்றில் கணிசமானவற்றின் நுண்தையல் ஹ்மொங் பெண்களுடையது. வாங்கியவர்களிடம் அதைக் கடைக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. லாவோஸ் மலையில் சிலந்திவலை தைத்த விரல்கள் ஐரோப்பியத் தோட்டத்து ரோஜாவையும் துலிப்பையும் தைத்தன, வேறொரு மதத்தாரின் பெயரில்.

பான் வினாய் 1992இல் மூடப்பட்டது. இன்று அமெரிக்காவில் ஹ்மொங் மக்கள் மூன்று லட்சத்துக்கு மேல். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரம் அவர்களுக்கு ஏறக்குறையத் தலைநகர். கதைத்துணி வாங்குகிற கூட்டம் குறைந்துவிட்டது, தைக்கிற பெண்களுக்குக் கண்பார்வையும் குறைந்துவிட்டது. பேத்திகள் செவிலியராகவும் வழக்கறிஞராகவும் இருக்கிறார்கள். அந்த நகரத்தில் வளர்ந்த ஹ்மொங் பெண் சுனி லீ 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்றார். ஆனால் நவம்பர் கடைசியில் செயின்ட் பாலிலும் டிசம்பர் கடைசியில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலும் புத்தாண்டு கொண்டாடும்போது, பந்தெறிந்து விளையாடும் பெண்கள் அத்தனை பேர்மேலும் பூத்துணி மின்னும். நத்தைச்சுருள் அதில் இருக்கிறது, ஊசி பட்டிருக்காது. பாலியஸ்டரில் இயந்திரம் அச்சடித்த பாவாடை, எடை குறைவு, துவைப்பது சுலபம். பாட்டிகள் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுத் தங்களுக்கும் இரண்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தப் பாவாடைகள் கணிசமாக வருவது சீனாவிலிருந்து, யுன்னானின் வென்ஷான் பகுதியிலிருந்து. அச்சுத்துணியைத் தைத்து அனுப்பும் பட்டறைகள் பல அங்குள்ள மியாவ் மக்களுடையவை. சீன அரசின் பதிவேட்டில் மியாவ் என்று எழுதப்பட்டிருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் தங்களை ஹ்மொங் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் கலிபோர்னியாக் கடைக்காரம்மாவுக்கு ஆங்கிலமும் சீனமும் தேவைப்படுவதில்லை. என்ன நிறம், எத்தனை உருப்படி, போன வருஷம் கொடுத்த விலைக்கே கொடுப்பாயா என்று ஹ்மொங் மொழியிலேயே செல்பேசியில் பேரம் பேசி முடிக்கிறார்.