கொள்ளையன் என்று எழுதியவர் யார்?

கடற்கொள்ளையர் என்றதும் நமது பிள்ளைகளுக்குக் கார்ட்டூன்தான் ஞாபகம் வருகிறது. வரலாற்றுப் பாடத்தில் நாம் அவர்களுக்கு இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துக் காட்ட வேண்டும்.

அன்றைய ஐரோப்பாவில் அரச கடிதத்தோடு எதிரிக் கப்பலைப் பிடித்தால் அது சேவை. கடிதமின்றிப் பிடித்தால் தூக்கு. பிரான்சிஸ் டிரேக் ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடி 1580இல் இங்கிலாந்து திரும்பினார். ஸ்பானியருக்கு அவர் கொள்ளையன். எலிசபெத் மகாராணியோ பங்கைப் பெற்றுக்கொண்டு, 1581இல் 'சேர்' பட்டமும் கொடுத்தார்.

குஞ்ஞாலி மரைக்கார்கள் கள்ளிக்கோட்டை சாமூதிரி மன்னர்களின் கடற்படைத் தளபதிகள். 'கார்ட்டாஸ்' என்ற தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைப் போர்த்துக்கேயர் பறித்தார்கள். அதைச் சட்டம் என்றார்கள். எதிர்த்து நின்ற மரைக்கார்களைக் கொள்ளையர் என்றார்கள். 1530களில் சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவ இலங்கை வந்தவையும் சாமூதிரியின் கப்பல்களே. கடைசியில் சாமூதிரியே போர்த்துக்கேயரோடு சேர்ந்துகொள்ள, நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

மரைக்கார்களும் வணிகக் கப்பல்களைப் பிடித்தவர்கள்தான். நம்மவர் என்பதற்காக அதை மறைக்க வேண்டாம். ஆண்டுகளை மனனம் செய்யவைப்பதோடு நிறுத்தாமல் பிள்ளைகளிடம் இதையும் கேட்போம்: இவரைக் கொள்ளையன் என்று எழுதியவர் யார்? அவருக்கு அதில் என்ன இலாபம்?