தலையணையான திரைச்சீலை

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின்னர், எமது மத்ரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். அலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். காரைக்குடியில் பழம்பொருள் கடையொன்றில் அவர் விலைக்கு வாங்கிய பர்மா தேக்கு நிலையின் மேற்பலகை அது. ஏறத்தாழ ஆறடி நீளம். இரு புறமும் கொடியும் பூவும். நடுவில் இரண்டு யானைகள் நீர் சொரிய அமர்ந்திருக்கும் கஜலட்சுமி. புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் வெள்ளைச் சுவர், கீழே ஒரு பாய், சுவரில் இந்தப் பலகையோடு இணைத்த ஒரு கண்ணாடி, வேறெதுவும் வேண்டாம் என்பது அவருடைய மனைவியின் எண்ணம். 'மினிமலிஸ்ட்' என்று இக்காலத்தார் சொல்கிறார்களே, அந்த முறை.

"நடுவுல இருக்கிறதை மட்டும் ஆசாரியை விட்டுச் செதுக்கி எடுத்துட்டா சரியாப் போயிடுமா ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார்.

தாயாரோ மகனைப் பார்த்து, "அடுத்தவங்க வீட்டுப் பழசை எதுக்கு வாப்பா காசு கொடுத்துச் சுமந்துட்டு வர்றே?" என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது. அதன்பின் சில நாள்கள் நூல்களைப் புரட்டியபோது, பழைய பொருளை வேறொன்றாக மாற்றி வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நம் வரலாற்றில் எத்துணை நீண்ட தடம் இருக்கிறது என்பது புலனாயிற்று. அதனையே இங்கு எழுதுகிறோம்.

அந்தத் தடம் மதீனாவில், பேரீச்சை மட்டையால் கூரை வேய்ந்த ஒரு சிறு அறையில் தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணம் சென்றிருந்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் வரைந்த திரைச்சீலை ஒன்றைத் தம் அறையில் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த நபியவர்களின் முகத்தில் அதிருப்தி தெரிந்தது. திரையை அவர்களே இழுத்தார்கள், அது கிழிந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பில், கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை போர்த்தும்படி நாம் கட்டளையிடப்படவில்லை என்று அவர்கள் கூறியதாக வருகிறது. சுவர்களை அலங்கரிப்பதற்கென்றே சம்பாதித்துக்கொண்டிருக்கும் நம் தலைமுறை இந்த அறிவிப்பை வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தி யோசிக்கலாம்.

எம் உள்ளத்தைப் பற்றி இழுத்தது அதற்குப் பின்னர் நடந்ததுதான். கிழிந்த துணியை அன்னையவர்கள் எறியவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்து மனம் குமையவும் இல்லை. அதனை வெட்டி, இரண்டு தலையணைகள் தைத்து, பேரீச்சை நாரை உள்ளே அடைத்தார்கள். நபியவர்கள் அதனைக் குறை கூறவில்லை. அவற்றின் மீது சாய்ந்து அமர்ந்தார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. துணி அதுவேதான். சுவரில் நிமிர்ந்து நின்றபோது கண்ணைப் பறித்த ஒன்று, தரைக்கு இறங்கியதும் களைத்த உடலுக்கு உதவும் பொருளாயிற்று.

இதன் மீது அறிஞர்கள் நெடிய ஆய்வு செய்துள்ளனர். காரணம், இதே அன்னையவர்கள் உருவம் பொறித்த ஒரு திண்டை விலைக்கு வாங்கி வைத்திருந்தபோது நபியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள் என்ற மற்றோர் ஆதாரபூர்வமான அறிவிப்பும் உள்ளது. மதிப்பாக மாட்டி வைக்கப்படும் உருவமே தடுக்கப்பட்டது. மிதிபடும் விரிப்பிலும் சாயும் தலையணையிலும் உள்ளது அவ்வாறன்று என்பது இமாம் நவவீ போன்றோரின் விளக்கம். துணியை வெட்டியபோது உருவமும் துண்டாகி முழுமை இழந்துவிட்டது, எனவேதான் அனுமதி என்று இணைத்துக் காட்டியவர்களும் உளர். இரண்டு விளக்கங்களிலும் ஒரு கருத்து பொதுவாக நிற்கிறது: பொருள் இருக்கும் இடமும் வடிவமும் மாறினால், அதைப் பற்றிய தீர்ப்பும் மாறக்கூடும்.

அந்த வீட்டின் பிற பொருள்களும் இவ்வாறே வாழ்ந்தவைதாம். அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் ஆடு ஒன்று செத்தபோது அதன் தோலைப் பதனிட்டு, அது நைந்து போகும்வரை பானம் ஊறவைக்கும் தோற்பையாகப் பயன்படுத்தினார்கள். நபியவர்களின் குவளை விரிசல் கண்டபோது வெள்ளிக் கம்பியால் அது கட்டப்பட்டது. பிற்காலத்தில் அக்குவளை அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அதன் இரும்பு வளையத்தை மாற்றிப் பொன்னிலோ வெள்ளியிலோ போட அனஸ் அவர்கள் விரும்பியபோது, நபியவர்கள் செய்து வைத்ததை மாற்றாதே என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் தடுத்துவிட்டார்கள். ஒட்டுப்போட்ட குவளையை ஒட்டுப்போட்டபடியே வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

அன்னை ஆயிஷா அவர்களின் மற்றொரு தீர்ப்பையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கஅபாவின் சாவியைக் காத்துவந்த ஷைபா அவர்கள், கஅபாவின் பழைய போர்வைகள் மிகுதியாகச் சேர்ந்துவிடுவதால் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம், தூய்மையற்ற நிலையில் எவரும் உடுத்திவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம் என்றார். அது சரியன்று, கஅபாவிலிருந்து இறக்கிய பின்னர் அது துணிதான், விற்று அதன் தொகையை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று அன்னையவர்கள் கூறினார்கள். பைஹகீயின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனமான ஒருவர் உள்ளார் என்றும், அல்ஃபாகிஹீயின் தொடரில் அந்தக் குறை இல்லை என்றும் இப்னு ஹஜர் குறிப்பிடுகிறார். அல்லாஹ்வின் இல்லத்தைப் போர்த்திய துணியே இரண்டாம் கைக்குப் போகலாம் எனில், நம் வீட்டுப் பழைய மேசையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

இனி மதீனாவிலிருந்து நெடுந்தொலைவு, அந்தலுஸுக்குச் செல்வோம். இன்று ஸ்பெயின் நாட்டில் கொர்டோபா என வழங்கும் குர்துபா நகரில், முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டையொட்டிப் பெரிய பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். தம் குடும்பமாகிய உமையாக்கள் ஷாமில் கொன்றொழிக்கப்பட்டபோது உயிர் தப்பி, வட ஆப்பிரிக்காவைக் கடந்து வந்த அகதி அவர். அவரது பள்ளிவாசலுக்கு வேண்டிய தூண்களைப் புதிதாகச் செதுக்கவில்லை. ரோமானியர் காலத்துக் கட்டடங்களிலிருந்தும் விசிகோத்தியர் காலத்துக் கட்டடங்களிலிருந்தும் கிடைத்த பழைய தூண்களே வந்து சேர்ந்தன. ஒன்று சாம்பல் நிறம், அடுத்தது இளஞ்சிவப்பு; ஒன்று வழவழப்பு, அடுத்தது வரியோடியது. தலைப்பகுதிகளும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. உயரமும் சமமில்லை, நீண்டதன் அடியைத் தரைக்குள் இறக்கியும் குட்டையானதற்குக் கீழே பீடம் கொடுத்தும் சரிக்கட்டினார்கள்.

அத்தனை பெரிய கூடத்துக்கு அந்தத் தூண்கள் மிகவும் குட்டையானவை. அவற்றின் மேல் நேரடியாகக் கூரை போட்டால் தொழுவோரின் தலைமேல் இருளும் புழுக்கமும் கவிந்திருக்கும். எனவே கொத்தனார்கள் ஒவ்வொரு தூணின் மீதும் இன்னொரு கல் தூணை எழுப்பினார்கள். கீழ்த் தூண்களை இணைக்கக் குதிரை லாட வடிவில் ஒரு வளைவு; அதற்கு மேலே, கூரையைத் தாங்க மற்றொரு வளைவு. கீழ் வளைவின் மேல் சுவர் கிடையாது, வெற்றிடம்தான். தூண்கள் சாயாமல் பிடித்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. செங்கல்லின் சிவப்பும் கல்லின் வெளிர்நிறமும் மாறி மாறி வருமாறு வளைவுகளை அடுக்கினார்கள். இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து அண்ணாந்து பார்க்கும் அந்த இரட்டை வளைவுக் காட்டின் அழகு, பழைய தூண்கள் உயரம் போதாமல் இருந்ததால் பிறந்தது. வேண்டிய உயரத்தில் புதிய தூண்கள் கிடைத்திருந்தால் அவ்வளைவுகளுக்குத் தேவையே எழுந்திராது.

அப்பள்ளியின் வரலாற்றில் நாம் மிகவும் விரும்பும் பக்கம் இன்னும் பிந்தியது. இரண்டாம் அல்ஹகம், கலீஃபா ஆனதும், 962ஆம் ஆண்டளவில் பள்ளியை விரிவாக்கினார். செல்வம் கொழித்த காலம் அது. தூண்கள் புதிதாகவே செதுக்கப்பட்டன. மிஹ்ராபின் கண்ணாடிச் சில்லு வேலைப்பாட்டுக்காகப் பைசாந்தியப் பேரரசரிடமிருந்து பொருளும் கைவினைஞரும் வந்தனர். ஆயினும் மிஹ்ராபின் வாயிலில் நிற்கும் நான்கு சிறு தூண்கள் புதியவை அல்ல. நூறாண்டுக்கு முன்னர் தம் முன்னோராகிய இரண்டாம் அப்துர் ரஹ்மான் அமைத்த பழைய மிஹ்ராபிலிருந்து அவற்றைப் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே நிறுத்தினார். முதலாமவர் பழைய தூணை எடுத்தது கையிருப்பில் அதுதான் இருந்ததால் என்று சொல்லிவிடலாம். இவருக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை.

பள்ளி எழுந்த இடத்தில் முன்பு ஒரு தேவாலயம் இருந்ததாகவும், கிறித்தவர்களின் பங்கை அப்துர் ரஹ்மான் விலை கொடுத்து வாங்கியதாகவும் பிற்கால வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொல்லியலார் இது குறித்து இன்றும் விவாதிக்கின்றனர். 1236இல் நகரம் கைமாறியபோது பள்ளி பேராலயமாயிற்று. அதை நினைத்து நெஞ்சு கனக்காத முஸ்லிம் இருக்க முடியாது. அந்தக் கனத்தை அறிந்த நாம், பிறர் போற்றிய ஒன்று நம் கைக்கு வரும்போதும் அதனை மறத்தல் ஆகாது.

வீட்டு அலங்காரத்துக்கு நெருங்கிய சான்று வேண்டுமெனில் கிழக்காப்பிரிக்கக் கடற்கரையைப் பார்க்கலாம். சுவாஹிலி முஸ்லிம்களின் ஊர்களுக்கு இந்தியப் பெருங்கடல் வாணிபத்தின் வழியே சீனப் பீங்கான் வந்தது. உண்ணவும் பரிமாறவும் செய்யப்பட்ட கிண்ணங்களை அவர்கள் சுண்ணச் சாந்தில் பதித்துச் சுவரின் அணியாக்கினார்கள். கென்யாவின் கெடி நகர இடிபாடுகளில் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபில் அவ்வாறு கிண்ணங்கள் பதிக்கப்பட்டிருந்தன. தான்சானியாவின் குந்துச்சியில் கல்லறைத் தூண்களில் தட்டுகள். லாமு நகர வீடுகளில் சுண்ணச் சுவரிலேயே வரிசை வரிசையாக மாடங்கள் செதுக்கி, அவற்றில் பீங்கானை வைப்பார்கள். வெள்ளைச் சுவர், நிழல் விழும் மாடம், ஒரு நீலக் கிண்ணம்: இன்றைய 'மினிமலிஸ்ட்' படங்கள் எதற்கும் அது குறைந்ததன்று. பதித்த கிண்ணங்களில் பலவற்றைப் பிற்காலத்தில் யாரோ பெயர்த்தெடுத்துவிட்டார்கள். வட்ட வட்டமான குழிகள் மட்டும் சுவரில் எஞ்சியுள்ளன.

அந்தக் குழிகள்தாம் எம்மைக் காரைக்குடிக்குத் திரும்பி வரச் செய்தன. செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்த நகரத்தார் வாணிபம் சரிந்தது. பெரிய வீடுகளைப் பராமரிக்க வருவாய் இல்லை. வாரிசுகளோ ஒரு வீட்டுக்குப் பலர், பல நாடுகளில். வீடுகள் பிரிக்கப்பட்டன, தூண், கதவு, நிலை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் கடைகளுக்கு வந்தன. நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகள் பலவற்றின் கதையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. மீராஸ் பிரிக்காத சொத்தில் ஒரு வாரிசு மட்டும் கதவைக் கழற்றி விற்றால், மற்றவர்களின் பங்கை விற்க அவருக்கு உரிமை இல்லை. வாங்குபவர் இதைக் கேட்டறிவது நலம். கடைக்காரர் பலரும் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். புதிய கதவின் விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்துப் பழைய கதவை வாங்கி எளிமை என்று பெயர் சூட்டுவதைப் பற்றியும் ஒரு சொல் உண்டு: அது இஸ்ராஃப், வீண்விரயம்.

பலகையைக் கொண்டுவந்தவருக்கு, இவற்றையெல்லாம் பார்த்தபின், நாம் மறுபடியும் ஆளனுப்பினோம். உருவத்தை அழித்தால் பலகையை வைத்துக்கொள்ளலாமா என்றால், சட்டப்படி வழி உண்டு. ஆனால் அன்னையவர்கள் வெட்டியது தம் சொந்தத் திரையை. இந்தப் பலகை பல்லாண்டுக் காலம் ஒரு குடும்பம் நாள்தோறும் கும்பிட்டு நுழைந்த வாசல். பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று அல்அன்ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நாவுக்குத் தடையானது உளிக்கு மட்டும் ஆகுமா? அண்டை வீட்டார் எவரேனும் அந்தச் செதுக்கலைக் கண்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? ஆகவே செதுக்க வேண்டாம், கடைக்காரரிடமே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், அதனைப் போற்றுவோர் யாரேனும் வாங்கிச் செல்வர் என்றோம். எம்மினும் தேர்ந்த ஆலிம்கள் வேறு விதமாகச் சொல்லவும் கூடும்.

அவர் மாற்றிக்கொண்டார். கிடைத்தது வேலைப்பாடு ஏதுமில்லாத ஒரு சன்னல் சட்டம். பழைய வார்னிஷை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்தபின் அதில் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். ரமலானில் நோன்பு திறக்க அழைத்திருந்தபோது பார்த்தோம். அதற்குக் கீழே, பாயின் ஓரத்தில், இரும்புப் பட்டை அடித்த ஒரு மரப்பெட்டி தாழ்ந்த மேசையாக நின்றது. முன்பு படத்தில் இல்லாத பொருள். ரங்கூனிலிருந்து தம் வாப்பா கொண்டுவந்த பெட்டியாம். பரணில் பழைய பாத்திரங்களுக்கு அடியில் கிடந்ததைத் தாயார் தாமே இறக்கித் துடைத்து எண்ணெய் பூசியிருக்கிறார். எவரையும் அதன்மேல் தேநீர்க் குவளை வைக்க அவர் விடவில்லை. எமக்கும் தட்டைப் பாயில்தான் வைத்தார்.