காலித் தோட்டாவும் கைப்பழக்கமும்

காலேஜ்ல என்.சி.சி.யில இருந்தப்போ கேம்ப்ல .22 ரைஃபிள் சுட விட்டாங்க. ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. சுட்ட நேரத்தை விட, சுட்டு முடிச்சதும் புல்லுக்குள்ள காலித் தோட்டாவைத் தேடின நேரம்தான் அதிகம். கொடுத்த கணக்குக்குக் காலித் தோட்டா திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஹவில்தார் விடமாட்டார். ரெண்டாவது தடவை சுடும்போது பாத்தா, யாரும் சொல்லாமலே கை தானா தரையைத் துழாவுது.

பல வருஷம் கழிச்சு, அமெரிக்க போலீஸ் வரலாற்றுல ஒரு துப்பாக்கிச் சண்டையைப் பத்திப் படிச்சப்போ அந்தப் புல்தரைதான் ஞாபகம் வந்தது. அமெரிக்க போலீஸ் இன்னிக்கு எந்தத் துப்பாக்கி வச்சிருக்கு, ஒரு காரை எப்படி நிறுத்துதுங்கறதெல்லாம் யாரோ ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சு வந்ததில்லை. பெரும்பாலும் யாரோ செத்ததுக்கு அப்புறம் வந்தது. அதுல மூணு சண்டையை மட்டும் பார்ப்போம்.

நியூஹால், 1970

ஏப்ரல் 5ஆம் தேதி இரவு, கிட்டத்தட்ட நள்ளிரவு. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே நியூஹால். ரோட்டில் ஒருவரைத் துப்பாக்கி காட்டி மிரட்டியதாகப் புகார் வந்த ஒரு காரை, கலிபோர்னியா ஹைவே பேட்ரோலைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு பெட்ரோல் பங்க் பக்கம் நிறுத்துகிறார்கள். காரில் பாபி டேவிஸ், ஜாக் ட்வைனிங் என்று இரண்டு பேர். பழைய கைதிகள். காரை நெருங்கிய ஃப்ராகோ முதல் நொடியிலேயே சுடப்பட்டார். ட்வைனிங்கைப் பார்த்துத் திரும்பிய கோர், பக்கத்தில் இருந்த டேவிஸை மறந்த அந்தக் கணத்தில் செத்தார். உதவிக்கு வந்த அடுத்த காரில் இருந்தவர்கள் பென்ஸ், அலெய்ன். அவர்களும் பிழைக்கவில்லை. எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குள். நால்வருக்கும் வயது 23, 24தான். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

பென்ஸ் தன் ரிவால்வரில் இருந்த ஆறு குண்டையும் சுட்டார். ஒன்றும் படவில்லை. அடிபட்டுக் கிடந்தபடியே ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ட்வைனிங் நடந்து வந்து பக்கத்தில் நின்று சுட்டான்.

இதுக்கப்புறம்தான் அந்தக் கதை கிளம்பிச்சு. பென்ஸின் பாக்கெட்டில் ஆறு காலித் தோட்டா இருந்ததாம். அந்தக் காலத்தில் பயிற்சி மைதானம் குப்பையாகக் கூடாது என்று, சுட்ட தோட்டாக்களைக் கையில் கொட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். சாகப்போகிற நேரத்திலும் அந்த மனுஷன் பழக்க தோஷத்தில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார் என்று கதை. தலைமுறை தலைமுறையாகப் போலீஸ் பயிற்சியாளர்கள் இதைச் சொல்லித்தான் பாடம் நடத்தினார்கள்.

ஆனா அது உண்மையில்லை. மைக் வுட் என்பவர் இந்தச் சண்டையை ஆராய்ந்து 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். காலித் தோட்டாக்கள் தரையில்தான் கிடந்தன என்பதை அதில் எடுத்துக்காட்டினார். பாடம் நல்ல பாடம்தான், மறுக்கலை. ஆனா அதுக்காக 24 வயசுப் பையன் ஒருத்தன் நாப்பது வருஷத்துக்கு மேல, செத்த பிறகும் அசட்டுப் பட்டத்தைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கான். கடைசி வரைக்கும் துப்பாக்கியை நிரப்பப் போராடின ஆளுங்க அவர்!

உண்மையான குறைகள் வேற இடத்துல இருந்தது. கையில் இருப்பது .357 மேக்னம், பயிற்சியில் சுடுவதோ அதைவிட மென்மையான .38 தோட்டா. நிஜத்தில் சுடும்போது உதைப்பும் சத்தமும் புதுசு. ஆபத்தான காரை நெருங்குவது எப்படி என்று சரியான முறையும் கிடையாது. அதன் பிறகு ஹைவே பேட்ரோல் பயிற்சித் தோட்டாவை மாற்றியது. ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் போடும் ஸ்பீட்லோடரை ஏற்றுக்கொண்டது. நியூஹால் என்ற பெயரின் ஏழு ஆங்கில எழுத்துக்கும் ஒரு விதி வைத்தது: தயாராகாமல் நெருங்காதே, உதவிக்குக் காத்திரு, சந்தேகம் இருந்தால் விலகு என்று. காருக்குப் பக்கத்தில் போகாமல், தூரத்தில் நின்றே ஆளை இறங்கச் சொல்லும் முறை இப்படித்தான் வேரூன்றியது.

மயாமி, 1986

ஏப்ரல் 11, காலை 9.30 மணி. பேங்க் கொள்ளைக்காரர்களான மைக்கேல் ப்ளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரின் காரையும் எஃப்.பி.ஐ. ஆட்கள் இடித்து மடக்கினார்கள். எட்டு பேருக்கு இரண்டு பேர். இதுல என்ன பெரிய சண்டைன்னு தோணும். ஆனா ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டு ஏஜெண்டுகள் செத்து, ஐந்து பேர் காயப்பட்டிருந்தார்கள்.

ப்ளாட் கையில் ரூகர் மினி-14 ரைஃபிள். ஆரம்பத்திலேயே ஏஜெண்ட் டோவ் சுட்ட 9 எம்.எம். குண்டு ப்ளாட்டின் கை வழியாக நெஞ்சுக்குள் போனது. நுரையீரலைக் குலைத்தது. இதயத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் அவன் விழவில்லை. டோவையும் க்ரோகனையும் கொன்றது அதற்குப் பிறகுதான். இடது கை நொறுங்கிப்போன மிரேலஸ் என்ற ஏஜெண்ட், ஒற்றைக் கையால் ஷாட்கன்னை இயக்கி, பிறகு ரிவால்வருடன் நடந்து போய் அவர்கள் கதையை முடித்தார்.

எஃப்.பி.ஐ. அந்த ஒரு அங்குலத்தைப் பிடித்துக்கொண்டது. குண்டின் மேல் பழி விழுந்தது. 1987இல் மருத்துவர்களையும் நிபுணர்களையும் கூட்டி விவாதித்தார்கள். ஜெலட்டின் கட்டியில் சுட்டால் குண்டு குறைந்தது 12 அங்குலம் உள்ளே போக வேண்டும் என்று அளவுகோல் வந்தது. 10 எம்.எம். துப்பாக்கி வாங்கினார்கள். உதைப்பு அதிகம் என்று தோட்டாவின் வேகத்தைக் குறைத்தார்கள். அதையே சின்னதாக்கி 1990இல் .40 தோட்டா வந்தது. 1997இல் எஃப்.பி.ஐ. .40 க்ளாக்குக்குப் போனது. அடிபட்ட கையால் ரிவால்வரை நிரப்ப முடியாமல் மெக்நீல் என்ற ஏஜெண்ட் பட்ட பாடு, ரிவால்வருக்கே விடை கொடுக்க ஒரு காரணமாயிற்று.

கடைசியில் என்ன ஆச்சு தெரியுமா? 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. திரும்பவும் 9 எம்.எம்.முக்கே வந்தது! இடைப்பட்ட காலத்தில் குண்டுகளின் தரம் உயர்ந்திருந்தது. உதைப்பு குறைந்தால் பெரும்பாலோர் குறி தவறாமல் சுடுகிறார்கள் என்பதும் புரிந்திருந்தது.

அதுக்காக அத்தனை ஆராய்ச்சியும் வீண்னு சொல்லலை. நல்ல குண்டு வந்ததே அந்த 12 அங்குல அளவுகோலாலதான். ஆனா மயாமியில வேற விஷயங்களும் இருந்தது. கார் மோதினதுல ஒருத்தர் துப்பாக்கியைத் தொலைச்சார். க்ரோகன் மூக்குக் கண்ணாடியைத் தொலைச்சார். கனமான ஆயுதங்கள் வேறு கார்களில் இருந்தன. இதுக்கெல்லாம் டெண்டர் விட்டு வாங்கற மருந்து கிடையாது.

நார்த் ஹாலிவுட், 1997

பிப்ரவரி 28. உடம்பு முழுக்கக் கவசம், தானியங்கி ரைஃபிள்களோடு இரண்டு பேர் ஒரு பேங்கைக் கொள்ளையடித்து வெளியே வந்தார்கள். சண்டை 44 நிமிஷம் நடந்தது. போலீஸின் கைத்துப்பாக்கிக் குண்டு அந்தக் கவசத்தில் பட்டுத் தெறித்தது. சில போலீஸ்காரர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சினிமா மாதிரி இருக்கு, ஆனா நடந்தது. செத்தது கொள்ளைக்காரர்கள் இருவர் மட்டும். பலர் காயம்பட்டார்கள். பிறகு ராணுவத்தின் பழைய எம்-16 ரைஃபிள்கள் 600, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸுக்கு வந்தன. சாதாரண ரோந்து காரிலும் ரைஃபிள் வைப்பது நாடெங்கும் பரவியது. 2014இல் ஃபெர்குசன் நகரில் போராட்டக்காரர்கள் முன்னால் போலீஸ் ராணுவம் மாதிரி நின்றபோது, இது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்ற கேள்வியும் எழுந்தது. ஒரு நாள் சண்டைக்கு வாங்கின ஆயுதம், அடுத்த நாள் வேற வேலைக்கும் வெளியே வரும்.

மூணையும் சேர்த்துப் பாத்தா எனக்குத் தோணறது இதுதான். ஒவ்வொரு சாவுக்கு அப்புறமும் முதல்ல மாறுவது கருவி. ஏன்னா அதைக் காசு கொடுத்து வாங்கிடலாம். பழக்கத்தை வாங்க முடியாது, தினமும் பழகணும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க. நியூஹால் விட்டுப்போனதுல எது பெரிசுன்னு கேட்டா, ஸ்பீட்லோடர்னு சொல்லமாட்டேன். "காத்திரு, நெருங்காதே" என்ற அந்தச் சாதாரண விதிதான். அதுக்கு ஒரு டாலர்கூட ஆகலை. நாலு உயிர் ஆச்சு.

அப்புறம் இன்னொண்ணு. அடுத்த தடவை யாராவது அந்தப் பாக்கெட் கதையைச் சொன்னா, தோட்டா தரையிலதான் கிடந்ததுன்னு சொல்லிடுங்க. பென்ஸுக்கு நம்மால முடிஞ்சது அவ்வளவுதான்.