வடசென்னையில் உளவியலாளர்: சட்டப் பொறுப்பும் தொழிலறமும்

மனநல உதவி தேடி வருபவரிடம் ஒப்புதல் பெறுவது, அவர் சொன்னதை வெளியே விடாமல் காப்பது, தன் படிப்புக்கு மீறிய சிகிச்சையில் இறங்காதிருப்பது, சட்டம் கேட்கும் தகவலை மட்டும் தருவது ஆகியவை உளவியலாளரின் முதன்மைப் பொறுப்புகள். நாடு முழுவதற்கும் சட்டம் ஒன்றுதான். ஆனாலும் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. தானாக நேரம் கேட்டு, கட்டணம் கட்டி வருபவர்களைவிட ஸ்டான்லி மருத்துவமனையோ ஆலை நிர்வாகமோ பள்ளியோ நீதிமன்றமோ அனுப்பி வைத்தவர்களே அவர் எதிரில் உட்காருகிறார்கள். அனுப்பியவர் ஒரு பதிலை எதிர்பார்த்திருப்பார். கடமையோ வந்தவருக்கு.

தகுதியும் எல்லையும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உளவியல் துறையில் அது வரையறுப்பது மருத்துவ உளவியலாளரை மட்டுமே. இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற படிப்பை முடித்தவர் அவர். முதுகலைக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு எம்.ஃபில். என்பது நெடுநாள் வழக்கமான பாதை. கழகத்தின் பதிவேட்டில் இல்லாமல் தொழில் செய்பவருக்கு 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கழகச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. சென்னையில் ஒரே அமர்வுக்கு அந்தத் தொகை வாங்குபவர்கள் உண்டு. மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்தது.

தன் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. உளவியலாளரையும் மக்கள் ‘டாக்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கேட்கிறார்கள். தான் யார், எதைச் செய்ய முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது ஒப்புதல் பெறுவதன் பகுதி.

இரகசியம்

23ஆம் பிரிவு இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவும், சிகிச்சை தருபவர் எல்லாருடைய கடமையாகவும் வைக்கிறது. மூடிய கதவுள்ள ஓர் அறை இருக்கும் என்று சட்டம் நினைத்துக்கொள்கிறது. நெரிசலான அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஓ.பி. சீட்டோடு அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சேர்ந்தே வருவார்கள். ‘எங்களுக்குத் தெரியாததா, எங்க முன்னாடியே கேளுங்க’ என்பார்கள். ‘அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில உக்காருங்க, அப்புறம் உங்களையும் கூப்பிடறேன்’ என்று முகம் கோணாமல் சொல்லத் தெரிந்திருப்பது இங்கே தொழில்திறன். நோயாளி நியமித்த பிரதிநிதிக்குத் தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலைத் தரலாம். சொந்தக்காரர் என்பதால் மட்டும் அந்த உரிமை எல்லாருக்கும் வந்துவிடாது.

ஆலையின் நிலை இன்னும் சிக்கலானது. எண்ணூரின் அசோக் லேலண்ட் ஆலை முதல் அனல்மின் நிலையங்கள் வரை இங்கே ஷிஃப்ட் வேலைதான் வாழ்க்கையின் நேரத்தை வகுக்கிறது. ஆலோசகருக்குச் சம்பளம் தருவது ஒரு நிர்வாகம் என்றாலும், 23ஆம் பிரிவின் விதிவிலக்குகளில் முதலாளி இல்லை. பிறர் உயிருக்கு ஆபத்து இருந்தால் தகவல் தரலாம்; அதுவும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் கிரேன் ஓட்டுநர் ஒருவர், போதை தெளியாமலே இரவு ஷிஃப்டுக்குப் போவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இன்று இவரைக் கிரேனில் ஏற்றவேண்டாம்’ என்பது போதும். ஏன் குடிக்கிறார், வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் தாராசாஃப் தீர்ப்பு (1976) ஆபத்திலிருக்கும் மூன்றாம் நபரைக் காப்பதைக் கடமையாகவே ஆக்கியது. இங்கே 23ஆம் பிரிவு தருவது அனுமதி மட்டுமே.

சமூகத்தின், வேலையிடத்தின், அரசியலின் மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. தொழிற்சங்க மரபு ஊறிய பகுதியில் இது வெறும் ஏட்டு வரியல்ல.

பேசியே ஆகவேண்டிய இடம்

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் நேரெதிராகத் திரும்புகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பதினேழு வயதுப் பெண் காதலித்துக் கருவுற்று ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தால், கருக்கலைப்புக்காக அவளும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொள்ளும்போது பெயரை வெளியிடாமல் தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சலுகை பதிவுபெற்ற மருத்துவருக்கு. அதே பெண் பள்ளி ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசினால் அவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே எதை இரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அழுது முடித்த பிறகு சொல்வது ஏமாற்று.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைக் கைவிட்டுவிட்டது.

பேரிடர்க் காலம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் கேமராவும் கேள்வித்தாளும் உதவிக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. இழப்பீட்டு வழக்குக்கு அறிக்கை எழுதும் உளவியலாளர் கண்டதைக் கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது.

நீதிமன்றமும் முறையீடும்

சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்குத் தரும் பாதுகாப்பை உளவியலாளருக்குத் தருவதில்லை. உரிய ஆணை வந்தால் கோப்பைக் காட்டியே ஆகவேண்டும். கோப்பில் தேவையில்லாததை எழுதாமலிருப்பதே பலருடைய எச்சரிக்கை.

பாரிமுனையில் உள்ள சென்னை உயர் நீதிமன்றத்தில் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் தொடுத்த சுஷ்மா வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தன்பாலின உறவைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளருடன் அமர்ந்து பேசினார். 2021 ஜூன் 7இல் அவர் பிறப்பித்த ஆணை, பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சையைத் தடுத்து, அதில் ஈடுபடுவோரின் தொழில் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. ஆணையத்தின் கை மருத்துவர்கள் வரைதான் நீளும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ‘கவுன்சலிங்’ நிலையத்திடம் பறிக்க உரிமமே இல்லை.

சேவையில் குறை இருந்தால் மனநலச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி முதலில் அந்த மனநல நிலையத்தின் பொறுப்பாளரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அடுத்து மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். கட்டணம் கட்டியவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகத் தரப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்பது 1995ஆம் ஆண்டின் வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்பு.