முதிராத வெண்குழியங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

குருதிச் சோதனைத் தாளில் "முதிராத வெண்குழியங்கள்" என்னுஞ் சொற்களைக் கண்டதும், குருதிப் புற்றுநோயோ என வீட்டார் கலங்குதல் உண்டு. அக்கலக்கம் எத்துணைப் பொருந்தும் என்பதை அறிய, அச்சொற்கள் மருத்துவத்துட் புகுந்த வரலாற்றை நோக்குதல் நன்று.

குருதிக் கலங்கள் என்பு மச்சையில் உருவாகின்றன என 1868இல் ஜேர்மானிய அறிஞர் ஏர்ண்ஸ்ற் நொய்மான் காட்டினார். எனினும், நிறமற்ற வெண்குழியங்களின் உள்ளமைப்பு நுணுக்குக்காட்டியிற் புலப்படுதல் அரிதாயிருந்தது. பவுல் ஏர்லிக் என்பார், கண்ணாடித் தகட்டில் உலர்த்திய குருதிக்குச் செயற்கைச் சாயங்களால் நிறமூட்டி, 1879ஆம் ஆண்டளவில் அவற்றை வகைபிரிக்கத் தொடங்கினார். அவற்றுட் பெருந்தொகையினவே நடுநிலைநாடிகள்.

இவற்றின் கரு இளமையிற் பிரிவின்றி இருக்கும். முதிர முதிரப் பல சோணைகளாகப் பிரியும். 1904இல் யோசெப் ஆர்ணெத் இச்சோணைகளை எண்ணி, நடுநிலைநாடிகளை ஐந்து வகுப்புகளாக நிரைப்படுத்தினார். இளையவை இடப்பக்கமும் முதிர்ந்தவை வலப்பக்கமும் நின்றன. தொற்றுநோயில் இளையவை மிகுதலை அவர் கண்டார். "இடப்பக்கப் பெயர்ச்சி" என இன்றும் மருத்துவர் வழங்கும் தொடர், இவ்வாறு தாளிற் கோடிட்ட அட்டவணையிலிருந்து பிறந்ததேயாம். பின்னர் விக்ரர் சிலிங் இம்முறையை நான்கு வகுப்புகளாகச் சுருக்கி, நோயாளியின் படுக்கையருகே பயன்படச் செய்தார்.

இதன் பயன் யாது? கடுந்தொற்று நேர்ந்தவிடத்து, முதிர்ந்த குழியங்களின் சேமிப்புக் குறைய, மச்சை தன் இளங்குழியங்களையும் குருதிக்கு அனுப்புகின்றது. மொத்தத் தொகையும் உயர்ந்திருப்பின், மச்சை ஈடுகொடுத்து நிற்கின்றது எனலாம். தொகை தாழ்ந்து இளையவை மட்டும் மிகுந்திருப்பின், அது மச்சை தளர்வதன் அறிகுறியாகலாம், அந்நிலை ஆபத்தானது. தொகையை மட்டும் நோக்குவார்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

இன்று பொறிகளே முதிராத குழியங்களை எண்ணித் தருகின்றன. கருப்பகாலத்திலும் சில மருந்துகளாலும் அவை சிறிது மிகலாம். மச்சையை விட்டு வெளிவரலாகாத மிக இளங்கலங்கள் குருதியிற் காணப்படின், புற்றுநோயை ஆராய்தல் இன்றியமையாதது. ஆதலின், எண்ணொன்றைக் கண்டு அஞ்சுதலும், எண்ணொன்றைக் கண்டு ஆறுதலடைதலும் ஒருங்கே தவறாம். நோயாளியின் நிலையோடு சேர்த்து வாசிக்கப்படும்போதே அவ்வெண் பொருள் பெறுகின்றது.